பெயர் எழுத வேண்டாம்

கிருஷ்ணகிரி, பழையபேட்டையில் என் ஜெராக்ஸ் கடை.
கவுண்டர் ஓரத்தில் சணல் கயிற்றில் தொங்குகிறது
ஒரு நீளக் கணக்கு நோட்டு.
அட்டையில் மார்க்கரால் நான்தான் எழுதினேன்:
பணம் வாங்கும் புரோக்கர்களைப் பற்றி இங்கே எழுதலாம்.
பெயர் எழுத வேண்டாம்.

இரண்டு மாதம் யாரும் தொடவில்லை.
மாங்காய்க் காசு கைக்கு வந்த ஆனியில்
ஆதார் நகல் எடுக்க வந்த ஒருத்தி
நான் தாளைத் திருப்பிப் போடுவதற்குள்
மூன்று வரி எழுதிவிட்டுப் போனாள்.
ஷேர் வாங்கித் தரேன்னார்.
பட்டா அடமானத்தில் இருக்கு.
போன் எடுக்கறதில்லை.

அதற்குக் கீழே இன்னொருவர். இன்னொருவர்.
பச்சை மை, பென்சில்,
பேனா தீர்ந்துபோன ஒரு நாளில் கண்மை.

திம்மராயன் பெயர் பதினோரு முறை வந்தது.
பன்னிரண்டாவது பாராட்டு:
தங்கமான மனுஷர், சொன்ன தேதியில் லாபம்.
மறுநாள் இன்னும் மூன்று லாபம்.
நான்கிலும் லா-வின் துணைக்கால்
கோட்டைத் தாண்டிக் கீழே நீண்டு கிடந்தது.
கிழிக்க ஸ்கேலை எடுத்தேன்.
என் தம்பியும் நானும்கூட
ஒரே மாதிரிதான் எழுதுவோம்.
வைத்துவிட்டேன்.

இனாயத்துல்லா விஷயத்தில் அப்படி இல்லை.
பாலிசிப் பணத்தைக் கட்டாமத் தின்னுட்டான் என்று
யாரோ ஒரு வரி.
அடுத்த வாரமே லண்டன்பேட்டையில்
அவருடைய டிவிஎஸ் எந்த வாசலிலும் நிற்கவில்லை.
ரசீதுகளை மஞ்சள் பையில் அள்ளி வந்து
ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார்.
எல்லாம் கட்டியிருந்தது, பைசா சுத்தமாக.
"யாரு எழுதினதுன்னு கேக்கலம்மா.
பொய்னு பக்கத்துல நீ எழுது."
எழுதினேன்.
ஒரு முறை படித்தவர்கள்
அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வரமாட்டார்கள் என்பதை
அவரிடம் சொல்லவில்லை.
ரசீதுகளுக்கு இருபது செட் நகல் போட்டுக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
வாங்கியிருக்கலாம். முகம் அப்படிச் சுருங்கியது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்
திம்மராயனின் வக்கீல் நோட்டீஸ்.
எழுதியவர்கள் பெயர், இல்லையேல் ஐந்து லட்சம்.
அதையும் இரண்டு நகல் எடுத்துவைத்தேன், பழக்கதோஷம்.

பெயர்கள் எனக்குத் தெரியும்.
இந்த ஊருக்கு மனு நிரப்புகிறவள் நான்.
முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, பட்டா மாறுதல்.
ழ-வைப் பாதியில் விட்டுவிடும் விரல்
யாருடையது என்று தெரியும்.
அந்த மூன்று வரிக்காரி
காவேரிப்பட்டணம் கூழ் ஃபேக்டரியில் கொட்டை எடுக்கிறாள்.
அவள் ரேஷன் கார்டில் பிழை திருத்திக் கொடுத்தது நான்தான்.
ஒன்றும் தெரியாதவள் இந்த நோட்டை மாட்டியிருந்தால்
தெரியாது என்று சொல்லிவிட்டு
நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

நேற்று அவரே வந்தார்.
கரண்ட் இல்லை, மெஷின் நின்றிருந்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்,
எச்சில் தொட்டு, விட்டுப்போகாமல்.
இனாயத்துல்லா பக்கத்தையும்.
கூழ் ஃபேக்டரிக்காரி பக்கத்தில் வெகுநேரம்.

"பேனா இருக்குமா?"

எழுதிவிட்டுக் கயிறை நேராக்கி விட்டுப் போனார்.
நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நானும் ஏமாந்தவன்தான்.
பெங்களூர்ல எனக்கு மேல ஒருத்தன்.
தங்கச்சி நகையும் அதுல போச்சு.

பெயர் போடவில்லை.
ஏமாந்த-வின் துணைக்கால்
கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.

திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.
அவருடைய வக்கீல் கேட்கும் பட்டியலில்
அவரும் இருக்கிறார் இப்போது.
அட்டையில் இருப்பது அவருக்கும் சேர்த்துத்தான்.

கரண்ட் வந்துவிட்டது.
யாரோ லேமினேஷன் கேட்கிறார்கள்,
எத்தனை ரூபாய் என்று.